பத்து லட்சம் கணுக்கள்: மரத்தின் உயரம் 50-ஆ, 3500-ஆ?

வைட்ஃபீல்டுவாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பார்க்கில் நாங்கள் சிலர் கூடி டேட்டா ஸ்ட்ரக்சர் படிக்கிறோம். இப்போது பைனரி சர்ச் ட்ரீ (ஒவ்வொரு கணுவுக்கும் இடப்பக்கம் அதைவிடச் சிறிய எண்கள், வலப்பக்கம் பெரிய எண்கள் இருக்கும் தேடல் மரம்) ஓடுகிறது. பத்து லட்சம் எண்களைக் குலுக்கி, ஒவ்வொன்றாக ஒரு வெறும் மரத்தில் செருகிப் பார்த்தேன். சமநிலைப்படுத்தும் வேலை எதுவும் அதில் இல்லை. எத்தனை முறை ஓட்டினாலும் உயரம் (உச்சியிலுள்ள வேரிலிருந்து மிக ஆழமான கணு வரையுள்ள மட்டங்கள்) 50-ஐ ஒட்டியே நிற்கிறது.

குழுவில் இன்னொரு தம்பி வேறு வழியில் போனார். பத்து லட்சம் கணு கொண்ட பைனரி மர வடிவங்கள் அத்தனைக்கும் ஒரே வாய்ப்பு கொடுத்து, அதில் ஒன்றைப் பொறுக்குகிற நிரல் அவருடையது. அங்கே உயரம் ஆயிரக்கணக்கில் போகிறது. ஒரு முறை 3000-க்குக் கீழே, அடுத்த முறை 4000-க்கு மேலே.

இரண்டு நிரலையும் வரிவரியாகப் பார்த்துவிட்டோம், பிழை இல்லை. சமவாய்ப்பு மரம் என்று புத்தகத்தில் படிக்கும்போது இதில் எதை மனதில் வைத்துக்கொள்வது? இத்தனை பெரிய வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

கணுமொழி:

இரண்டும் சரியான விடைதான் தம்பி, கேள்விகள்தான் வேறு. மூன்றே எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

1, 2, 3 ஆகியவற்றை 6 வரிசைகளில் அடுக்கலாம். ஆனால் மூன்று கணு கொண்ட பைனரி மர வடிவங்கள் 5 மட்டுமே. ஆறு வரிசைகள் ஐந்து வடிவங்களுக்குள் விழுகின்றன என்றால் ஏதோ ஒரு வடிவத்துக்கு இரண்டு வரிசைகள் போக வேண்டும். 2-1-3 என்று செருகினாலும் 2-3-1 என்று செருகினாலும் கிடைப்பது ஒரே மரம்: நடுவில் 2, இருபுறமும் பிள்ளைகள். ஆக, நீங்கள் குலுக்கிச் செருகினால் அந்தச் சமநிலை மரத்துக்கு வாய்ப்பு 1/3. உங்கள் நண்பர் வடிவத்தைப் பொறுக்கினால் 1/5.

மூன்று கணுவில் இது சின்ன வித்தியாசம். பத்துக் கணுவுக்கு வாருங்கள். இடது பக்கமாகவே ஒரே கோடாகத் தொங்குகிற மரத்தை எடுத்துக்கொள்வோம். குலுக்கிச் செருகும்போது அதற்கு ஒரே ஒரு வரிசைதான் வழி, அதனால் வாய்ப்பு 36,28,800-இல் ஒன்று. வடிவங்கள் மொத்தம் 16,796, ஆக வடிவத்தைப் பொறுக்கும்போது 16,796-இல் ஒன்று. இருநூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம் வந்துவிட்டது. கணுக்கள் கூடக் கூட இந்த இடைவெளி பயங்கரமாக வளரும். பொதுவான விதியும் எளிதுதான்: குலுக்கிச் செருகும் முறையில் ஒரு வடிவத்தின் நிகழ்தகவு வேண்டுமானால், ஒவ்வொரு கணுவுக்கும் அதன் கீழுள்ள கிளைமரத்தின் அளவை எண்ணி (அந்தக் கணுவையும் சேர்த்து), அந்த எண்களையெல்லாம் பெருக்கி, 1-ஐ அதால் வகுக்க வேண்டும். கிளைகள் சமமாகப் பிரிந்தால் பெருக்குத்தொகை சிறியது, நிகழ்தகவு பெரியது. சமநிலையை நோக்கி ஒரு சாய்வு அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது.

நண்பரின் மரத்துக்கு வந்த எண்ணும் நியாயமானதே. ஃபிளாஜோலேவும் ஆட்லிஸ்கோவும் 1982-இல் நிறுவியபடி, எல்லா வடிவங்களுக்கும் சம வாய்ப்பு தந்தால் சராசரி உயரம் ஏறத்தாழ 2 × √(π × கணுக்களின் எண்ணிக்கை). பத்து லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3545. அந்த வகை மரத்தில் உயரத்தின் ஏற்ற இறக்கமும் வர்க்கமூல அளவிலேயே இருக்கும். அதனால்தான் அவருக்கு 3000-க்குக் கீழேயும் 4000-க்கு மேலேயும் மாறி மாறி வருகிறது.

வைட்ஃபீல்டுவாசி:

நன்றி அக்கா. மூன்று எண் உதாரணம் நன்றாகப் பிடிபட்டது. ஆனால் என் மரத்தின் ஆழம் கணு எண்ணிக்கையின் லாக் (இயல் மடக்கை) அளவில் எப்படி வருகிறது, நண்பரின் மரத்தில் வர்க்கமூலம் எப்படி வருகிறது என்று உள்ளே போய்ப் பார்க்க ஆசை. நண்பர் பயன்படுத்தியது ரெமி அல்காரிதம் (1985).

கணுமொழி:

ரெமி என்றால் ஒப்பிடுவது இன்னும் சுலபம். இரண்டு மரங்களும் ஒவ்வொரு படியில் எப்படி வளர்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பைனரி சர்ச் ட்ரீயில் ந எண்கள் இருந்தால், அவற்றுக்கு நடுவிலும் ஓரங்களிலுமாக ந+1 இடைவெளிகள் உண்டு. மரத்தில் அவைதான் காலி முனைகள். அடுத்து வரும் எண், முழுக்கக் குலுக்கிய வரிசையில், அந்த ந+1 இடங்களில் எதில் விழவும் ஒரே வாய்ப்பு. ஆக மரம் வளரும் விதி இதுதான்: காலி முனைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொடு, அங்கே ஒரு கணுவை வை, அதன் கீழே இரண்டு புதிய காலி முனைகள் வரட்டும்.

ரெமி முறையில் காலி முனை மட்டுமல்ல, உள்ளே இருக்கிற கணுக்களும் குலுக்கலில் உண்டு. உள்கணு ஒன்று அகப்பட்டால் அந்த இடத்தில் புதிய கணுவைச் செருகி, அங்கிருந்த கிளைமரம் முழுவதையும் ஒரு மட்டம் கீழே தள்ளிவிடும். சுமார் பாதித் தடவை இப்படி நடக்கும். சில சமயம் லட்சக்கணக்கான கணுக்கள் ஒரே தள்ளலில் ஒரு படி இறங்கும். நீண்ட முதுகெலும்பு உருவாவது இதனால்தான்.

இப்போது லாக். முதல் மரத்தில் காலி முனைகளின் ஆழங்களைக் கூட்டி ஒரு மொத்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 7 உள்ள முனை அகப்பட்டால், மொத்தத்திலிருந்து 7 போய், ஆழம் 8 உள்ள இரண்டு முனைகள் சேரும். நிகர உயர்வு 9. அதாவது அகப்பட்ட ஆழத்தோடு 2. எல்லா முனைக்கும் சம வாய்ப்பு என்பதால் அகப்படும் ஆழத்தின் சராசரியே முனைகளின் சராசரி ஆழம். இதை எழுதிச் சுருக்கினால், ந கணுவிலிருந்து ந+1 கணுவுக்குப் போகும்போது சராசரி ஆழம் சரியாக 2/(ந+2) மட்டும் ஏறும். ஆரம்பத்தில் 0. ஆகவே ந கணுக்களுக்குச் சராசரி

2 × (1/2 + 1/3 + 1/4 + … + 1/(ந+1)).

இந்தத் தொடர் இயல் மடக்கையைப் போல வளர்கிறது. பெரிய கணிதம் எதுவும் இல்லாமல் 2 × லாக் வந்துவிட்டது. இந்த நிரூபணம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிப் பின்னக் கணக்கு போதும்.

பரிசோதனைக்கூடம்:

நானும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சின்ன ஆச்சரியம் கிடைத்தது, இங்கே போட்டுவைக்கிறேன். பத்து லட்சத்தில் மிகச்சிறிய எண்ணான 1 இருக்கும் ஆழம், நடுவில் உள்ள 5 லட்சத்தின் ஆழத்தைவிடச் சராசரியாகக் குறைவு. ஏறத்தாழ பாதிதான். ஓரத்தில் இருப்பது ஆழத்தில் இருக்கும் என்றல்லவா நினைப்போம்?

கணுமொழி:

அழகான கவனிப்பு. ஒரு எண்ணின் ஆழம் என்பது அதற்கு எத்தனை மூதாதைக் கணுக்கள் என்ற எண்ணிக்கை. அ என்ற எண், ஆ என்ற எண்ணுக்கு மூதாதையாக வேண்டுமானால், அ முதல் ஆ வரையுள்ள எண்கள் எல்லாவற்றிலும் அ-தான் முதலில் செருகப்பட்டிருக்க வேண்டும். நடுவில் உள்ள வேறு எதுவும் முந்திவிட்டால் இரண்டும் வெவ்வேறு கிளைகளுக்குப் பிரிந்துவிடும், ஆ முந்திவிட்டால் அதுவே மேலே போய்விடும். இரண்டுக்கும் வித்தியாசம் 4 என்றால் ஐந்து எண்களில் அ முந்தும் வாய்ப்பு 1/5.

எண் 1-க்கு வலது பக்கம் மட்டும்தான் அண்டை வீட்டார். 1/2 + 1/3 + … என்று ஒரே ஒரு தொடர், பத்து லட்சத்துக்கு சுமார் 13.4. நடு எண்ணுக்கு இரண்டு பக்கமும் தொடர், ஆக சுமார் 25.4. எல்லா எண்களுக்கும் சராசரி எடுத்தால் 24.8 வரும். முழுச் சமநிலை மரத்தில் உயரமே 20-க்குள் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால், எந்த முயற்சியும் இல்லாமல் கிடைக்கிற மரத்துக்கு இது மிக நல்ல எண்.

குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: பிவட்டை (மற்ற எண்களைச் சிறியவை, பெரியவை என்று பிரிக்க எடுக்கும் எண்) குலுக்கி எடுத்தால் அது செய்யும் ஒப்பீடுகளின் சராசரியும், இந்த மரத்தின் கணு ஆழங்களின் கூட்டுத்தொகையின் சராசரியும் அச்சு அசலாக ஒரே சூத்திரம். பிவட்தான் வேர், அவ்வளவே.

வைட்ஃபீல்டுவாசி:

சராசரி 25, ஆனால் உயரம் 50. உயரத்துக்கும் இதே மாதிரி சூத்திரம் உண்டா?

கணுமொழி:

உண்டு, ஆனால் அதற்கு ஆட்கள் பல வருடங்கள் போராடினார்கள். ராப்சன் 1979-இல் மேல் எல்லை கொடுத்தார். பிட்டல் 1984-இல், உயரத்தை லாக்கால் வகுத்தால் ஒரு நிலையான எண்ணை நோக்கிப் போகிறது என்று காட்டினார். அந்த எண் 4.311 என்று லுக் டெவ்ரோய் 1986-இல் உறுதிசெய்தார். 2003-இல் புரூஸ் ரீட் அடுத்த திருத்தத்தையும் கண்டுபிடித்தார்: 4.311 × லாக், அதிலிருந்து 1.953 × லாக்கின் லாக்கைக் கழிக்க வேண்டும், மிச்சம் ஒரு நிலையான எல்லைக்குள் அடங்கும். பத்து லட்சத்துக்கு முதல் உறுப்பு மட்டும் 59.6, திருத்தத்தோடு 54.4. அந்த ‘நிலையான எல்லை’ மிச்சத்தோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் 50 பொருந்துகிறது.

4.311 எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் தளர்வாகச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் சராசரியாக எத்தனை காலி முனைகள் இருக்கும் என்று எண்ணுங்கள். ஆழத்தை க × லாக் என்று எழுதினால், அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட ந-இன் ஒரு அடுக்காக வரும். அடுக்கு: க × லாக்(2e/க) − 1, இதில் e என்பது 2.718. அடுக்கு நேர்மறையாக இருக்கும்வரை அந்த மட்டத்தில் முனைகள் நிறைய. எதிர்மறையானால் ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை. எல்லைக் கோட்டில் அடுக்கு பூச்சியம். அந்தச் சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு: 4.311 மற்றும் 0.373. பெரியது மரத்தின் உயரம். சின்னதும் வீண் இல்லை, அது மேலிருந்து எத்தனை மட்டம் முழுக்க நிரம்பியிருக்கும் என்பதைச் சொல்கிறது. ஒரே சமன்பாடு மரத்தின் இரண்டு விளிம்புகளையும் தருகிறது. ‘சராசரி எண்ணிக்கை பெரிது, ஆகவே உண்மையிலும் முனை இருக்கும்’ என்ற படிதான் கடினம். கிளைத்தல் செயல்முறைகளின் கோட்பாட்டைக் கொண்டுவந்து டெவ்ரோய் கடந்தது அதைத்தான்.

ரீட் காட்டியதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. உயரத்தின் மாறுபாடு கணு எண்ணிக்கை எவ்வளவு போனாலும் ஒரு எல்லையைத் தாண்டாது. நண்பரின் மரம் போல அலையாமல் உங்கள் மரம் ஒவ்வொரு முறையும் 50-ஐ ஒட்டியே நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஓசூர் ரோடு:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். கணிதம் அருமை. டேட்டாபேஸ் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன அத்தனையும் ‘முழுக்கக் குலுக்கிய வரிசை’ என்ற ஒரே தூணில் நிற்கிறது. நம் வேலையில் யார் குலுக்கித் தருகிறார்கள்?

ஆர்டர் எண், டைம்ஸ்டாம்ப், இன்வாய்ஸ் எண் எல்லாம் ஏறுவரிசையில் வருகின்றன. முன்பு நான் இருந்த இடத்தில் ஒரு டீம், நினைவகத்தில் ஒரு சின்ன இண்டெக்ஸ் வேண்டும் என்று வெறும் மரம் எழுதி வைத்திருந்தது. டெஸ்டில் குலுக்கிய தரவு, வேகம் பிரமாதம். நிஜத்தில் டைம்ஸ்டாம்ப்தான் சாவி (மரத்தில் தேடப் பயன்படும் மதிப்பு). மரம் ஒரே கோடாகப் போய், ஒவ்வொன்றாகக் கடந்து தேட வேண்டிய லிங்க்டு லிஸ்ட் ஆகிவிட்டது. ‘ஆவரேஜ் கேஸ் லாக்’ என்று டிசைன் டாக்குமென்டில் எழுதியிருந்ததே, அந்த ஆவரேஜ் எதன் மேல் எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்டர்வியூவிலும் இதையே பார்க்கிறேன், எல்லோரும் லாக் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

அப்புறம் அழிப்பது. கணுக்களை அழித்து, செருகி, அழித்து, செருகி ஓட்டினால் என்ன ஆகும்? யாராவது பார்த்தீர்களா?

பரிசோதனைக்கூடம்:

ஓட்டிக்கொண்டிருக்கிறேன் சார். இரண்டு பிள்ளை உள்ள கணுவை அழிக்கும்போது வலது கிளையின் மிகச்சிறிய எண்ணை மேலே கொண்டுவரும் வழக்கமான முறை. எண்ணிக்கை மாறாமல் ஒரு செருகல், ஒரு அழிப்பு என்று மாற்றி மாற்றி. முதலில் சராசரி ஆழம் கொஞ்சம் குறைந்தது! பிறகு மெதுவாக ஏற ஆரம்பித்தது, நிற்கவில்லை. மரம் இடது பக்கம் கனமாகச் சாய்கிறது.

கணுமொழி:

இதற்கு நல்ல வரலாறு உண்டு. இந்த அழிப்பு முறை ஹிப்பார்டுடையது, 1962. சமவாய்ப்பில் வளர்ந்த மரத்திலிருந்து சமவாய்ப்பில் ஒன்றை அழித்தால், மிஞ்சும் மரத்தின் வடிவமும் சமவாய்ப்பில் செருகிய மரத்தைப் போலவே இருக்கும் என்று அவரே நிறுவினார். அது உண்மையான தேற்றம். அதைப் படித்துவிட்டு, எத்தனை அழிப்பு, எத்தனை செருகல் கலந்தாலும் பரவல் மாறாது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை என்று நாட் 1975-இல் கண்டார். அழித்த பிறகு வடிவம் மட்டும்தான் சரியாக இருக்கிறது. எந்த வடிவத்தில் எந்த மதிப்புகள் உட்கார்ந்திருக்கின்றன என்ற தொடர்பு கெட்டுவிடுகிறது. அடுத்த செருகல் அந்தக் கோணலை வடிவத்துக்கும் கொண்டுவந்துவிடும். யோனாசனும் நூத்தும் 1978-இல் மூன்றே கணு உள்ள மரத்துக்கு இதை முழுக்கக் கணக்கிட்டார்கள். மூன்று கணுவுக்கே விடையில் பெஸல் சார்புகள் என்ற உயர்கணிதச் சார்புகள் வந்தன!

எப்பிங்கர் 1983-இல் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னதைத்தான் நீங்கள் இன்று பார்க்கிறீர்கள்: முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். ஒருவகை மாற்றச் சூழலில், போதுமான அளவு நீண்ட ஓட்டத்துக்குப் பின் சராசரி ஆழம் வர்க்கமூல அளவுக்குப் போகிறது என்று கல்பர்சன் 1985-இல் விளக்கினார். லாக்கில் ஆரம்பித்த மரம் நண்பரின் மரத்தின் அளவுக்கு வந்துவிடுகிறது.

அல்சூர் ஏரி:

குறுக்கே ஒரு கேள்வி. நான் உயிரியல் பக்கம். இனங்கள் கிளைக்கும் மரத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் யூல் மாதிரியில் (1925), இப்போது உயிரோடு இருக்கும் இனங்களில் எது வேண்டுமானாலும் சம வாய்ப்பில் இரண்டாகப் பிரியும். இது நீங்கள் மேலே சொன்ன ‘காலி முனையைத் தொடு’ விதியேதானே?

கணுமொழி:

அதேதான்! வடிவத்தின் பரவல் இரண்டிலும் ஒன்று. 1925-இல் பரிணாமத்துக்காக எழுதியது கணினி மரத்துக்குப் பொருந்துகிறது. எல்லா வடிவத்துக்கும் சம வாய்ப்பு தரும் மாதிரியையும் உங்கள் துறையில் வைத்து ஒப்பிடுவார்கள் இல்லையா, இங்கே 50-க்கும் 3500-க்கும் நடந்த அதே விவாதம்தான் அது.

வைட்ஃபீல்டுவாசி:

ஓசூர் ரோடு அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். வரும் தரவை நம்ப முடியாது, அழித்தால் பரவல் கெடுகிறது. அப்படியானால் இந்தக் கணிதத்தை நிஜ வேலையில் எப்படி உபயோகிப்பது? எல்லோரும் தன்னைத்தானே சமநிலைப்படுத்திக்கொள்ளும் ரெட்-பிளாக் மரத்துக்குப் போய்விட வேண்டியதுதானா?

கணுமொழி:

ரெட்-பிளாக் நல்ல வழி. ஆனால் இந்தக் கணிதத்தை அப்படியே காப்பாற்றும் வழியும் உண்டு, எனக்கு அதில்தான் ஈடுபாடு அதிகம். குலுக்கலைத் தரவிடம் எதிர்பார்க்காமல் நாமே போட்டுவிடுவது.

அரகோனும் சைடலும் 1989-இல் கொடுத்த ட்ரீப். ஒவ்வொரு சாவிக்கும் நாம் ஒரு சமவாய்ப்பு எண்ணை முன்னுரிமையாக ஒட்டுகிறோம். சாவிப்படி அது தேடல் மரம், முன்னுரிமைப்படி ஹீப் (மேலே உள்ள கணு எப்போதும் கீழே உள்ளவற்றைவிட முன்னுரிமையில் முந்தியது). இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால் மரத்தின் வடிவம் ஒரே ஒரு வகையில்தான் அமையும்: முன்னுரிமை வரிசையில் செருகியிருந்தால் என்ன மரம் வந்திருக்குமோ அதுவே. டைம்ஸ்டாம்ப் ஏறுவரிசையில் வரட்டும், நடுவில் பாதியை அழிக்கட்டும், மிஞ்சியிருக்கும் சாவிகளின் மரம் எப்போதும் குலுக்கிச் செருகிய மரம்தான். நாட் கண்ட கோணல் இங்கே நுழையவே முடியாது, ஏனென்றால் மரத்தின் வடிவம் கடந்தகாலத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. மேலே பின்னத்தில் போட்ட 2 × லாக், டெவ்ரோயின் 4.311, ரீடின் மாறுபாட்டு எல்லை எல்லாம் தரவு எந்த வரிசையில் வந்தாலும் செல்லும். ஒரு செருகலுக்கு ஆகும் சுழற்சிகளும் (கணுவையும் அதன் பிள்ளையையும் மேல்கீழாக மாற்றும் வேலை) சராசரியாக 2-க்குக் கீழே. ஒரே நிபந்தனை: தரவை அனுப்புகிறவருக்கு நம் முன்னுரிமை எண்கள் தெரியக்கூடாது.

வில்லியம் பியூவின் ஸ்கிப் லிஸ்ட் (1990) இதே எண்ணத்தை மரம் இல்லாமல், பல மட்டப் பட்டியல்களை வைத்துச் செய்கிறது. ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தின் வரிசைப்படுத்திய கணங்களுக்கு அடியில் இருப்பது அதுதான். ஒவ்வொரு உறுப்பும் அடுத்த மட்டத்துக்கு ஏற 1/4 வாய்ப்பு.

ஓசூர் ரோடு:

டிஸ்க்கில் உட்காரும் பி-ட்ரீக்கு (ஒரே கணுவில் பல சாவிகளை அடைக்கும் மரம், அந்தக் கணுவைப் பக்கம் என்போம்) மட்டும் கதை தலைகீழ், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது எல்லாச் சாவியையும் குலுக்கிவிடுவார்கள். அங்கே உயரம் பிரச்சினையே இல்லை, எப்படியும் நாலைந்து மட்டம்தான். பக்கங்கள் எவ்வளவு நிரம்புகின்றன என்பதே கேள்வி. குலுக்கிய சாவிகளைச் செருகினால் பக்கங்கள் சராசரியாக லாக் 2, அதாவது 69 சதவீதம் நிரம்பும். யாவோ 1978-இல் செய்த ஆய்விலிருந்து வரும் எண் இது. ஏறுவரிசையில் செருகி, ஒவ்வொரு பக்கத்தையும் சரிபாதியாகப் பிளந்தால் பின்னால் விட்டுவந்த பக்கங்கள் பாதிதான் நிரம்பியிருக்கும், ஏனென்றால் அங்கே இனி எதுவும் வராது. அதனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வலது ஓரப் பக்கத்தைப் பிளக்கும்போது மட்டும் பாதியாகப் பிளக்காமல், இடது பக்கத்தை இயல்பாக 90 சதவீதம் நிரப்பிவிட்டு நகர்கிறது. அந்த ஏற்பாட்டோடு பார்த்தால் ஏறுவரிசைச் சாவி, யுயுஐடி என்ற குலுக்கி உருவாக்கும் அடையாள எண்ணைவிட இடத்தையும் மிச்சப்படுத்தும், கடைசிப் பக்கமும் எப்போதும் கேஷில் இருக்கும்.

வைட்ஃபீல்டுவாசி:

இது எங்களுக்கு அடுத்த சில வாரங்களுக்குப் போதுமான தீனி. முதலில் ட்ரீப் எழுதி, ஏறுவரிசைச் சாவிகளைப் போட்டு, உயரத்தை அளக்கிறேன்.

பரிசோதனைக்கூடம்:

அளக்கும்போது அழிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஹிப்பார்டு அழிப்பில் இன்னொரு மாற்றமும் ஓட்டினேன்: வலது கிளையின் சிறிய எண்ணா, இடது கிளையின் பெரிய எண்ணா என்று ஒவ்வொரு முறையும் காசு சுண்டி முடிவெடுப்பது. எப்பிங்கரும் இதைச் செய்து பார்த்திருக்கிறார். சாய்வு போய்விட்டது, சராசரி ஆழம் ஏறவில்லை, ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே நிற்கிறது. அதே விதையில் ட்ரீப்பையும் ஓட்டி இரண்டு வரைபடத்தையும் இங்கே ஏற்றுகிறேன்.